முதலில் கூலன்ட், அப்புறம் கரண்ட்

வெள்ளிக்கிழமையிலிருந்து டொரீனுக்கு யாரைப் பார்த்தாலும் பற்றிக்கொண்டு வந்தது. குளிர் எத்தனை டிகிரி என்று ரேடியோவில் சிரித்துக்கொண்டே சொன்ன பெண்ணைத் திட்டினாள். இறுகிப்போய்த் திறக்க மறுத்த கதவை உதைத்தாள். அடுத்த வீட்டு லைலை மட்டும் உதைக்க முடியவில்லை, அவன் ஆறடிக்கு மேல். அதனால் வாயால் முடிந்ததை எல்லாம் செய்துவிட்டு வந்திருந்தாள்.

விஷயம் இதுதான். அவள் அண்ணன் நெஸ்டருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய் நாலு வருஷம். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் நகரத்து ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். போக மட்டும் நூற்று நாற்பது கிலோமீட்டர். ஏழு மணிக்கு மெஷினில் உட்கார வேண்டுமென்றால் ஐந்துக்கெல்லாம் வண்டி வாசலைத் தாண்டியிருக்க வேண்டும். வண்டி நெஸ்டருடைய பழைய டீசல் பிக்கப். சஸ்காட்சுவன் மாகாணத்து ஜனவரிக் குளிரில் ராத்திரி முழுக்கச் சும்மா நின்ற டீசல் எஞ்சின் காலையில் எஞ்சினே இல்லை, வெறும் பாறை. அதை ராத்திரி முழுக்கச் சூடாக வைத்திருக்க எஞ்சினுக்குள் ஒரு பிளாக் ஹீட்டர் இருக்கும். அதன் வயர் வண்டியின் மூக்கு வழியே வெளியே தொங்கும். அதைக் கரண்டில் செருகிவிட்டுத்தான் இந்த ஊரில் யாரும் படுக்கப் போவார்கள். சாயங்காலம் இரண்டு பேர் பேசிப் பிரிந்தால் "வரேன்" என்று சொல்வதில்லை, "செருகிட்டியா?" என்றுதான் கேட்பார்கள்.

டொரீன் வியாழக்கிழமை செருகினாள். தன் கையால் செருகிவிட்டு, சர்ச் சமையலறையில் நாலு பெண்களோடு பெரோகிக் கொழுக்கட்டை மடிக்கப் போனாள். வெள்ளிக்கிழமை காலை மைனஸ் முப்பத்தெட்டு. நெஸ்டரைக் கம்பளியில் சுற்றிக் கூட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனால் வயர் பனியில் கிடக்கிறது. ஒரு முனை கம்பத்துப் பாயின்ட்டில் பத்திரமாக இருக்கிறது, மறுமுனை எதிலும் இல்லை.

நெஸ்டர் டார்ச் அடித்து வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தான். லைலின் பனி தள்ளும் வண்டிதான், பிளேடு வயரைப் பிடித்து ஹீட்டரின் தலையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டது என்றான். முப்பது வருஷம் இந்த ஊரில் மெக்கானிக் ஷாப் நடத்தியவன் சொன்னால் அதற்கு மேல் யார் பார்க்கப் போகிறார்கள்? கொட்டகைக்கு முன்பக்கம் சுவர் கிடையாது, சந்து ஓரம். வியாழக்கிழமை பனி பெய்தது, லைல் வந்து தள்ளிவிட்டுப் போனதும் நிஜம். டொரீன் சாவியைத் திருகித் திருகி பேட்டரியைக் கொன்றாள். பிறகு அந்த இருட்டில் போய் லைலின் கதவைத் தட்டினாள்.

என்னென்ன சொன்னாள் என்பதை முழுக்கச் சொல்லி மாளாது. முக்கியமானது ஒன்று. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் லைல் நெஸ்டரின் ஷாப்பில் வேலை பார்த்தவன். புதிதாகப் போட்ட ஹீட்டர் ஒன்றை, எஞ்சின் சூட்டைத் தணிக்கும் கூலன்ட் தண்ணீரை ஊற்றும் முன்பே கரண்டில் செருகி எரித்துவிட்டான் என்று நெஸ்டர் அவனை வாடிக்கையாளர்கள் முன்னால் நிற்கவைத்துத் திட்டி அன்றைக்கே அனுப்பிவிட்டான். அந்தப் பழியை இப்போது தீர்த்துக்கொண்டாயா, ஒரு நோயாளியின் உயிரோடு விளையாடுகிற நீயெல்லாம் மனுஷனா, இனிமேல் என் வாசலில் கால் வைத்தால் நடக்கிறதே வேறு என்றாள். லைல் தூக்கக் கண்ணோடு நின்று கேட்டான். இல்லக்கா, நான் வயர் பக்கமே போகல என்று இரண்டு தடவை சொன்னான். மூன்றாவது தடவை சொல்ல அவள் விடவில்லை.

ஆஸ்பத்திரியில் சனிக்கிழமை இடமில்லை. திங்கள் காலை கட்டாயம் வந்துவிட வேண்டும், அதுவும் தவறினால் நுரையீரலில் தண்ணீர் ஏறிவிடும், அப்புறம் எங்கள் கையில் இல்லை என்று நர்ஸ் போனில் சொன்னாள். புதன்கிழமைக்குப் பிறகு திங்கள்கிழமை. நடுவில் முழுசாக நாலு நாள். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே நெஸ்டரின் கணுக்கால் பூட்ஸுக்குள் போகவில்லை. உட்கார்ந்து பேசினாலும் மூச்சு வாங்கியது. வேறு யாரையாவது கேட்டிருக்கலாமே என்றால், நாலு வருஷமாகக் கேட்டுக் கேட்டு அவளுக்கே வாய் கூசிப்போயிருந்தது. ஓடுகிற வண்டியும் முகம் சுளிக்காத மனசும் உள்ளவன் என்று மிச்சம் இருந்தது லைல்தான். அந்தக் கதவையும் அவளே சாத்திவிட்டு வந்தாயிற்று.

அதனால் ஹீட்டர் மாற்றியே ஆக வேண்டும். பக்கத்து ஊர்க் கடையில் அந்த எஞ்சினுக்கு ஒன்றே ஒன்று இருந்தது, அடுத்தது வரப் பத்து நாளாகும் என்றார்கள். தபால் வண்டியில் போட்டு அனுப்பினார்கள். செத்த பேட்டரி வீட்டுக்குள் சார்ஜில் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை குளிர் குறைந்து மைனஸ் பதினெட்டுக்கு வந்ததும் டொரீன் ஒரு பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் போட்டு, அறுபது வயசில் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தாள். நெஸ்டர் கவிழ்த்த பக்கெட்டின் மேல் கம்பளியோடு உட்கார்ந்து வேலை சொன்னான். பக்கத்தில் ஒரு குட்டி மின்சார ஹீட்டர் எரிந்தது. அது சூடாக்கியது தன்னை மட்டும்தான், வேறெதையும் இல்லை.

எஞ்சினுக்கு அடியில் துணி துவைக்கும் டப்பை வைத்துக் கூலன்ட்டை இறக்கினாள். பச்சைத் தண்ணீர் குழாய் வழியாகக் கொட்டிக் கை எல்லாம் வழிந்தது. பழைய ஹீட்டரைத் திருகிக் கழற்றினாள், பார்க்கக்கூட இல்லை, பின்னால் எறிந்தாள். ஓட்டையை எமரித் தாளால் தேய்த்தாள். "பத்தல, இன்னும் தேய்" என்றான் நெஸ்டர். தேய்த்தாள். ரப்பர் வளையத்துக்கு கிரீஸ் தடவு, கம்பி உள்சுவரில் படாமல் நேராக விடு, திருகை ஒரே மூச்சில் இறுக்காதே என்று அவன் சொல்லச் சொல்லச் செய்தாள். வேலை சொல்வதில் அவனுக்குக் குறை வைக்க முடியாது. பொறுமையாகத்தான் சொன்னான், அதுவே அவளுக்கு எரிச்சல். கடைசித் திருகில் ஸ்பேனர் வழுக்கிக் கட்டைவிரல் நசுங்கியது. வந்த ஆத்திரத்தில் காலை உதறினாள். டப் கவிழ்ந்தது. அத்தனை கூலன்ட்டும் தரையில் ஓடி மண்ணைப் பச்சையாக்கியது.

நெஸ்டர் அப்போது வாயைத் திறந்திருந்தால் ஸ்பேனரை எறிந்திருப்பாள்.

கூட்டுறவுக் கடை கால்மணி நேர நடை. மூன்று கேன் வேண்டும். கிளம்பும்போது, எதையும் தொடாதே என்று அண்ணனிடம் சொன்னாள். எந்திரிக்கவே ரெண்டு ஆள் வேணும், நான் எதத் தொடப்போறேன் என்றான் அவன். தலைக்கு மேலே தகரத்தில் அவன் ஷாப்பில் தொங்கிய அட்டை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஷாப்பை விற்றபோது அவன் கொண்டுவந்த ஒரே பொருள் அதுதான். கொட்டை கொட்டையாக அவன் கையெழுத்து: முதலில் கூலன்ட், அப்புறம் கரண்ட். இந்த ஊர் மெக்கானிக்குகளுக்கு ஒரு நமைச்சல் உண்டு. புது ஹீட்டரைப் பூட்டியதும் ஒரு தடவை செருகி, அது 'ஸ்ஸ்' என்று இரைவதைக் காது கொடுத்துக் கேட்டால்தான் அவர்களுக்கு வேலை முடிந்த மாதிரி. ஆனால் அந்தக் கம்பி கூலன்ட்டில் முழுகியிருக்க வேண்டும். தண்ணீர் இல்லாத கெட்டிலை அடுப்பில் வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும், அதுவும் ஒரே நிமிஷத்தில். எத்தனை பையன்கள் எத்தனை ஹீட்டரை அப்படி எரித்திருப்பார்கள்! அதற்காகத்தான் அந்த அட்டை.

திரும்பி வரும்போது கைக்கு ஒரு கேன், கக்கத்தில் ஒரு கேன். நசுங்கிய விரல் தெறித்தது. பின்னால் ஒரு வண்டி வந்து, அவள் நடைக்கு ஏற்றபடி ஊர்ந்தது. லைல். ஏறிக்கோங்கக்கா என்றான். அவள் திரும்பவில்லை. பத்து வீடு தாண்டும்வரை ஊர்ந்துகொண்டே வந்தான். ஜன்னல் ஜன்னலாகத் திரை விலகியது, ஊருக்கு ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்கு கிடைத்துவிட்டது.

"திட்டறதுன்னா உள்ள உக்காந்து திட்டுங்கக்கா. வெளிய நின்னா வாய் உறைஞ்சிடும், அப்புறம் எனக்குத்தான் போரடிக்கும்" என்றான் லைல்.

அவள் ஏறினாள். ஏறி உட்கார்ந்து திட்டினாள். அவன் ஓட்டினான்.

கொட்டகையில் கால் வைப்பதற்கு முன்பே நாற்றம் வந்தது. ரப்பர் கருகிய நாற்றம். எஞ்சின் பக்கத்திலிருந்து மெல்லிசாக ஒரு புகை. புது ஹீட்டரின் வயர் வண்டி மூக்கிலிருந்து நீண்டு, ஐந்தடி தள்ளியிருந்த கம்பத்துப் பாயின்ட்டில் செருகியிருந்தது. நெஸ்டர் பக்கெட்டின் மேல் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான், மூச்சு மட்டும் முன்பைவிட வேகமாக வாங்கியது.

"சத்தம் கேட்டுப் பாக்கலாம்னு செருகினேன். கூலன்ட் இல்லங்கறது மறந்துபோச்சு" என்றான்.

டொரீன் கேன்களைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினாள். பிறகு ஆரம்பித்தாள். நான் இந்தத் தரையில மூணு மணி நேரம் கெடந்தேனே, கண்ணு தெரியலையா உனக்கு, பக்கத்து ஊர்க் கடையில இந்த எஞ்சினுக்கு இருந்தது ஒண்ணே ஒண்ணு, நாளைக்கு எதுல போவே, என் தலையில ஏறிப் போவியா என்று காது கிழியக் கத்தினாள். கத்தக் கத்தக் கோபம் தீரவில்லை, ஏறியது. நெஸ்டர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். ஜென்மத்தில் பாதித் திட்டைக்கூட முழுசாக வாங்கிக்கொள்ளாத மனுஷன், அத்தனையையும் வாங்கிக்கொண்டான்.

லைல் கத்தவில்லை. அண்ணாந்து அந்த அட்டையைப் பார்த்தான். பிறகு நெஸ்டரைப் பார்த்தான்.

"மறந்துட்டீங்களா முதலாளி?" என்றான். நெஸ்டர் நிமிரவில்லை. லைல் டொரீன் பக்கம் திரும்பினான். "அக்கா, இதே தப்புக்குத்தான் இவரு என்னை நடுக்கடையில நிக்கவெச்சு நாறடிச்சாரு. தன் பேரக்கூட மறப்பாரு, இத மறக்க மாட்டாரு."

டொரீனுக்குச் சட்டென்று விளங்கவில்லை. நீ வேற நடுவுல வராதே என்று அவனையும் ஒரு அதட்டு அதட்டினாள். அவன் காதில் போட்டுக்கொள்ளாமல், காலையில் அவள் பின்னால் எறிந்த பழைய ஹீட்டரை மண்ணிலிருந்து எடுத்தான். கையுறையால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தான். அதன் தலையில் ஒரு விரல் நீளத்துக்கு வயர் ஒட்டிக்கொண்டிருந்தது.

"என் பிளேடு புடுங்கினதா இது? புடுங்கினா நார் நாராக் கிழிஞ்சிருக்கும். பாருங்க, வெண்ணெய வெட்டின மாதிரி இருக்கு. கட்டிங் பிளேயர். அதுவும் எஞ்சினுக்கு உள்ள கைய விட்டு" என்றான்.

அவள் வாங்கிப் பார்த்தாள். சமமாக, வட்டமாக, செம்பு பளபளத்தது. இதைத் தன் கையாலேயே கழற்றியிருக்கிறாள். கழற்றியபோது ஒரு தடவை திருப்பிப் பார்த்திருந்தால் போதும். கோபத்தில் யார் பார்த்தார்கள்?

அதைக் கையிலேயே பிடித்தபடி அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"வியாழக்கிழமையா? நான் பெரோகி மடிக்கப் போனப்பவா?" என்றாள்.

"ஆமா."

வெள்ளிக்கிழமை அவள் லைலின் கதவைத் தட்டப் போனபோது நெஸ்டர் வண்டிக்குள் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு அப்பாவியின் முகத்தில் என்னென்னவோ அள்ளி வீச வைத்துவிட்டு, திரும்பி வந்ததும் "என்ன சொன்னான்?" என்று வேறு கேட்டான்.

"ஏன்டா?" என்றாள். அண்ணனை அவள் டா போட்டது சின்ன வயசுக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

"போதும் டொரீன். வாரத்துல மூணு நாள் அந்த நாற்காலி. மிச்சம் நாலு நாள் அதுலேர்ந்து தேறி எந்திரிக்கறதுக்கே போயிடுது. ஒரு வாய் ஊறுகா கெடையாது. உருளைக்கெழங்க ரெண்டு தண்ணி மாத்தி வேகவெச்சு சவசவன்னு போடறே. தாகத்துக்கு ஐஸ் கட்டி சப்பறேன். நாலு வருஷம். எனக்குப் போதும்."

"அத வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன கேடு?"

"சொன்னேன். நவம்பர்ல சொன்னேன். நீ தட்ட எடுத்துட்டுப் போய்க் கழுவிட்டு, டிவி சத்தத்தக் கூட்டிவெச்சே."

அது நிஜம். அவளுக்கு ஞாபகம் இருந்தது. எந்த நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது என்பதுகூட ஞாபகம் இருந்தது. நிஜமாக இருந்ததால் கோபம் குறைந்ததா என்றால் இல்லை, இரண்டு மடங்காயிற்று. அவள் கையுறையைக் கழற்றி எறிந்தாள். கட்டைவிரல் நகம் கறுத்துப்போயிருந்தது.

"சரி. நான் கேக்கல. தப்பு என்னோடது. கேக்காதவளப் புடிச்சு உலுக்கியிருக்கலாம், கத்தியிருக்கலாம், ஆஸ்பத்திரியில சொல்லியிருக்கலாம். ஆனா நீ என்ன பண்ணினே தெரியுமா? என் கையால இந்த ஹீட்டரப் பூட்ட வெச்சே. நாளைக்குக் காலையில வண்டி கெளம்பாது. நாளான்னைக்கு நீ போயிருப்பே. அப்புறம் நான் என்னன்னு நெனச்சிருப்பேன்? அந்த டப்பக் கவுக்காம இருந்திருந்தா கடைக்குப் போயிருக்க மாட்டேன், அண்ணனத் தனியா விட்டிருக்க மாட்டேன், நான் எட்டி ஒதச்ச டப்பாலதான் எங்கண்ணன் செத்தான். சாகற வரைக்கும் அதையே நெனச்சுக்கிட்டுக் கெடந்திருப்பேன். இவன வேற ஜென்மத்துக்கும் மூஞ்சியில முழிக்க விட்டிருக்க மாட்டேன். உனக்குப் போதும்னா போ. என்னை எதுக்குடா கொலகாரியாக்கிட்டுப் போற?"

நெஸ்டர் அப்போதுதான் நிமிர்ந்தான். அவன் இதை யோசித்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. முப்பது வருஷம் எஞ்சினின் ஒவ்வொரு திருகும் கழன்றால் அடுத்து எது கழலும் என்று சொல்லத் தெரிந்தவன், இந்த ஒன்றை யோசிக்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தான், மூச்சுதான் வந்தது. லைல் போய் அவன் முதுகில் கை வைத்தான். டொரீன் போகவில்லை. அவளுக்குக் கிட்டப் போனால் அடித்துவிடுவோமோ என்று பயமாக இருந்தது.

மூச்சு அடங்கியதும் லைல்தான் பேசினான். என் வண்டிய இப்பவே போய்ச் செருகிடறேன், காலையில அஞ்சு மணிக்கு வாசல்ல இருக்கும், ஏறறதும் ஏறாததும் உங்க இஷ்டம் என்றான். நெஸ்டரைப் பார்த்துத்தான் சொன்னான். டொரீன் பதில் சொல்ல வாய் திறந்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு மூடிக்கொண்டாள். இந்த ஒரு பதிலை அவள் சொல்வதாக இல்லை.

நெஸ்டர் தன் வீங்கிய கணுக்காலை விரலால் அமுக்கிப் பார்த்தான்.

"வரேன் லைல்" என்றான் கடைசியில். "நாளைக்கு வரேன். மூச்சு முட்டிச் சாகறதுக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா டாக்டர்கிட்ட நானே பேசணும், எப்ப நிறுத்தறதுன்னு. இவளும் பக்கத்துல உக்காந்து கேக்கணும்."

"கேக்கறேன்" என்றாள் டொரீன். "சும்மா உக்காந்து கேப்பேன்னு நெனைக்காதே. சண்டை போடுவேன்."

"போடு."

"அழவும் அழுவேன். அசிங்கமா இருக்கும்."

"சரி."

நெஸ்டர் லைல் பக்கம் திரும்பி, வயர் விஷயத்துல உன்மேல பழியப் போட்டது தப்பு என்றான். பத்தொன்பது வருஷத்துக்கு முந்தையதுக்குமா என்று லைல் கேட்டான். அது நீ செஞ்ச தப்பு, அதுக்கெல்லாம் மன்னிப்பு கெடையாது என்றான் நெஸ்டர். லைல் சிரித்துவிட்டான். டொரீனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் லைலிடம் மன்னிப்புக் கேட்கவும் இல்லை, அதற்கு இன்னும் நாள் வேண்டும். கீழே கிடந்த கேன்களில் ஒன்றை எடுத்து அவன் கையில் திணித்து, சும்மா நிக்காம மூடியத் தொற என்று மட்டும் சொன்னாள்.

ஹீட்டர் எரிந்துபோனாலும் எஞ்சினைக் காலியாக விட முடியாது. லைல் புனலைப் பிடித்துக்கொண்டான். டொரீன் கேனைக் கவிழ்த்தாள். ஆத்திரத்தில் சாய்த்த வேகத்துக்குப் பச்சைத் தண்ணீர் புனல் விளிம்பைத் தாண்டி லைலின் சட்டைக்கையில் தெறித்தது.

"மெதுவா ஊத்து" என்றான் பக்கெட்டின் மேலிருந்து நெஸ்டர். "உள்ள காத்து அடைச்சுக்கும்."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணைத் துடைக்கக் கை இல்லை.

"இதுக்கு மட்டும் வாயத் தொறக்கத் தெரியுதுல்ல?" என்றாள்.

பிறகு மெதுவாக ஊற்றினாள்.